டிசம்பர் கச்சேரிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சங்கரன்கோவிலில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். ரேடியோவில் கேட்டுக் கேட்டே பாட்டுப் பைத்தியம் பிடித்தவள். சென்னையை இதுவரை பார்த்ததில்லை. இந்த மார்கழி சீசனுக்குக் கணவரோடு போய் நாலு நாள் கச்சேரி கேட்டு, சபா கேன்டீனில் சாப்பிட்டு வர ஆசை. கையில் சிறுவாட்டுப் பணம் 14,000 ரூபாய் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து மாதம் 2,500 ஒதுக்க முடியும். ஆனால் 50,000 ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். 2 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட், ஒரு வருடத்துக்கு 7 சதவீதத்தில் போட்டது, பிப்ரவரியில் முடிகிறது. அதை முன்னாடியே எடுத்துவிடலாமா? மகன் கிரெடிட் கார்டில் போட்டுத் தவணையாகக் கட்டலாம் என்கிறான்.

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. 50,000 என்று சொன்னவர் விமானத்தில் போய் வந்தவராக இருப்பார்.

முதலில் டெபாசிட். பத்தாவது மாதத்தில் அதை உடைத்தால் வங்கி உங்களுக்கு 7 சதவீதம் தராது. பத்து மாதத்துக்கு என்ன வட்டியோ அதை எடுத்துக்கொண்டு, அதிலும் அரையோ ஒன்றோ சதவீதம் அபராதமாகக் குறைக்கும். பத்து மாத வட்டி 6 சதவீதம், அபராதம் 1 சதவீதம் என்று வையுங்கள். 11,667 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 8,333 ரூபாய்தான் வரும். 3,300 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகிறது. அந்தக் காசில் நீங்கள் இருவரும் சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பரில் இரண்டு தடவை போய்வந்துவிடலாம்.

பணம் வேண்டியே தீரும் என்றால் டெபாசிட்டை உடைக்காமல் அதன் பேரில் கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்று, இரண்டு சதவீதம் கேட்பார்கள். 20,000 ரூபாயை 9 சதவீதத்தில் வாங்கி இரண்டே மாதத்தில் பிப்ரவரியில் அடைத்தால் வட்டி 300 ரூபாய். ஆனால் இதைக்கூட உடம்புக்கு ஏதாவது என்றால் எடுக்கும் பணமாக மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் ஒரு தடவை கேட்டு, என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கார்டு தவணைக்கு வட்டி, பிராசசிங் கட்டணம், இரண்டின் மேலும் ஜி.எஸ்.டி. என்று வரிசையாக வரும். ஒரு மாதம் கட்டத் தவறினால் மாதத்துக்கு மூன்றரை சதவீதமோ அதற்கு மேலோகூட வட்டி ஏறும். மாதம் முழுக்கத் தையல் மிஷினை மிதித்துச் சேர்க்கிற காசு அதற்காகவா?

இனி பயணக் கணக்கு. இதில் பணம் கசிகிற இடம் கச்சேரி டிக்கெட் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தங்குமிடமும் ஆட்டோவும்தான் கசிகிற இடம். நான் முதல் தடவை சீசனுக்குப் போனபோது ஒரு நாளைக்கு 700 ரூபாய் மிச்சம் என்று புறநகரில் ஒரு லாட்ஜில் அறை போட்டேன். மிச்சம் பிடித்ததையெல்லாம் ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. ராத்திரி கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், மூன்று நாளும் துக்கடா, அதாவது கச்சேரிக் கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகள், தொடங்கும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் கடைசி அரைமணி நேரம் யாருக்கோ போனது.

அதனால் அறையை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை பக்கமே போடுங்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான் இருக்கின்றன. பாரதிய வித்யா பவன் கபாலீஸ்வரர் கோயிலை ஒட்டிய கிழக்கு மாட வீதியில், ரசிக ரஞ்சனி சபா சுந்தரேஸ்வரர் தெருவில். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தோ, சின்ன ஆட்டோ சவாரியிலோ போய்விடலாம். வரியோடு இரவுக்கு 3,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும், மூன்று இரவுக்கு 9,500 என்று வையுங்கள். அறை பேசும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? நீங்கள் ரயிலில் போய் விடியற்காலையில் இறங்குவீர்கள். 12 மணிக் கணக்கு வைக்கிற இடத்தில் காலை ஏழு மணிக்குச் சாவி வாங்கினால் ஒரு நாள் வாடகை கூடுதலாகப் போய்விடும்.

டிக்கெட்டுக்கு இருவருக்குமாக 3,000 போதும். சீசன் டிக்கெட் பக்கமே போகாதீர்கள், அது மாதம் முழுக்க அங்கேயே இருப்பவர்களுக்கு. பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள். அரங்கம் பாதி காலியாக இருக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தம்பூரா சுருதி காதில் விழக் கேட்கலாம். நாளைக்கு ராத்திரி மேடைக்கு வரப்போகிறவர்களை இன்றைக்கே கேட்கிற இடம் அது. மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் விளக்கவுரைக் கச்சேரிகளும் அப்படித்தான். ராகத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். ரேடியோவில் கேட்டு வளர்ந்தவருக்கு அது விருந்து. விடியற்காலை எழ முடிந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்னால் நின்று பாடிப்போன வீதிகள் அவை. அந்த 3,000 ரூபாயை அப்படியே ஒன்றோ இரண்டோ பெரிய மாலைக் கச்சேரியில் போடுங்கள். ரேடியோவில் உருகிக் கேட்ட யாராவது பாடும் நாளாக, நல்ல இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு 5,000 ரூபாய். கேன்டீனுக்குள் போகக் கச்சேரி டிக்கெட் கேட்பதில்லை, சாப்பிடுவதற்காகவே வருகிற கூட்டம் ஒன்று உண்டு. இலைச் சாப்பாடு சாதாரண ஓட்டலைவிடக் கூடுதல்தான். இருந்தாலும் ஒரு நாள் மதியம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மற்ற வேளைகளில் டிபனே போதும்: கீரை வடை, ரவா தோசை, ஒரு கரண்டி அசோகா அல்வா. டவரா சூடு விரலைச் சுட, காபியை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் நிற்பவர்கள் நேற்றுக் கேட்ட தோடி ராகத்தைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் மாதிரித் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீனுக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அந்த நேரம் வரிசையும் நீளம், மிருதங்கக்காரருக்கும் மனது நோகும். ஒரு நாள் காலை திருவல்லிக்கேணி ரத்னா கபேக்குப் போய்வாருங்கள். இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள்.

ரயிலுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் உங்கள் ஊரிலேயே நிற்கிறது. ஸ்லீப்பரில் தலைக்கு 400 ரூபாய் சுமார், போக வர இருவருக்கும் 1,600. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 1,500. சாதாரணக் கட்டண பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இல்லை, கணவருக்கு மட்டும்தான். சில்லறைச் செலவுக்கு 2,000. எல்லாம் கூட்டினால் 22,600 ரூபாய். நவம்பர் முடிவில் உங்கள் கையில் 14,000, நாலு மாதச் சேமிப்பு 10,000, ஆக 24,000 இருக்கும்.

ஒரு செலவை வேண்டுமென்றே இந்தக் கூட்டலில் சேர்க்கவில்லை. தையல்காரம்மா சென்னைக்குப் போய் தி.நகரில் ஒரு சேலைகூட எடுக்காமல் திரும்புவார் என்று நான் நம்பவில்லை. அதற்கு ஒரு 5,000 ஆகும். தீபாவளிச் சேலையை இந்த ஒரு வருடம் டிசம்பருக்குத் தள்ளுங்கள். அந்தப் பணம் ஏற்கெனவே வீட்டுக் கணக்கில் இருக்கும்.

மாதம் ஒதுக்குகிற 2,500 ரூபாயை ரெக்கரிங் டெபாசிட்டில் போடலாமா என்று யோசிப்பீர்கள். வங்கிகளில் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம், அஞ்சலகத்தில் ஐந்து வருடம். உங்களிடம் இருப்பது நாலு மாதம். வீட்டுச் செலவுக்குத் தொடாத ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள், அது போதும்.

தேதி விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அரையாண்டு விடுமுறைக் கூட்டம் சேர்ந்துகொள்ளும், அறையும் கிடைக்காது, ரயிலும் கிடைக்காது. அகாடமி விழா டிசம்பர் 15-இல் தொடங்கிவிடுகிறது. 16-ஆம் தேதி ராத்திரி ஏறி, 20-ஆம் தேதி ராத்திரி திரும்ப ஏறுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். அதாவது போக அக்டோபர் 17, வர அக்டோபர் 21, இரண்டும் காலை எட்டு மணிக்கு. டிக்கெட்டில் எழும்பூர் என்று இருக்கிறதா, தாம்பரம் என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் நிலையத்தில் வேலை நடப்பதால் சில வண்டிகளை மாற்றி விடுகிறார்கள். உங்கள் மகன் கிரெடிட் கார்டை உள்ளே வைத்துவிட்டு, அந்த இரண்டு காலையும் செல்போனோடு தயாராக உட்காரட்டும்.