வாசகர் கேள்வி – பதில்: கப்பல் ஏறியதும் கொட்டாவி

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலைத் தமிழில் தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டுகிறேன். சத்திரம், கண் தெரியாத கொள்ளைக்காரன், வரைபடம் வரைக்கும் ஆடாமல் அசையாமல் கேட்ட பிள்ளைகள், கப்பல் கிளம்பியதும் கொட்டாவி விடுகிறார்கள். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத வைக்கும் கேள்வி-பதிலும் எடுபடவில்லை. விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: நாவலை விடாதீர்கள் டீச்சர், கேள்வி-பதில் நோட்டை மூட்டை கட்டி வையுங்கள். வாசித்து முடித்ததும் நோட்டை எடுக்கணும் என்று தெரிந்தால், கதை நடக்கும்போதே 'இதில் எதைக் கேட்பாங்க' என்றுதான் மனசு ஓடும்.

கடல் பார்க்காதது பெரிய குறையே இல்லை. ஏரியில் படகு பார்த்த பிள்ளைகள்தானே, பாய்மரத்தையும் நங்கூரத்தையும் ரெண்டு வரியில் சொல்லிவிடலாம். கப்பல் பாகங்களின் பெயராக வரும் பத்திகளைத் தாண்டிப் போங்கள், யாரும் வழக்குப் போடப்போவதில்லை. அடுத்து வருவது ஆப்பிள் பீப்பாய், முழு நூலில் 11-ஆம் அத்தியாயம். ஆப்பிள் எடுக்க உள்ளே இறங்கிய ஜிம், அதாவது கதையைச் சொல்லும் பையன், ஒற்றைக்கால் சமையல்காரன் சில்வர் போடும் சதியைக் கேட்டுவிடுகிறான். அதை வாசிக்கும் முன்னால் ஒரு பிள்ளையை மேசைக்கு அடியில் உட்கார வைத்து, மூன்று பேரை மேசைமேல் சாய்ந்துகொண்டு குசுகுசுவென்று ஒரு திட்டம் பேசச் சொல்லுங்கள். எது காதில் விழுந்தது, எது பாதிதான் விழுந்தது என்று உள்ளே இருந்தவர் வந்து சொல்லட்டும். அப்புறம் வாசியுங்கள். 'கரை தெரியுது' என்ற கூச்சலோடு அத்தியாயம் முடியும். அங்கேயே புத்தகத்தை மூடுங்கள், கெஞ்சினாலும் திறக்காதீர்கள். 1881-ல் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883-ல் புத்தகமான கதை இது. 'தொடரும்' போட நல்ல வாகான இடங்கள் நிறையக் கிடைக்கும்.

எழுத வைத்தே ஆகணும் என்றால் வரைபடம் போடச் சொல்லுங்கள். ஸ்டீவன்சனும் ஒரு மழைக்காலத்தில் மனைவியின் மகனோடு சேர்ந்து தீவின் படத்தைப் போட்டபிறகுதான் கதையைத் தொடங்கினார். உங்கள் பிள்ளைகளுக்கு பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் எல்லாம் கைக்கெட்டும் தூரம். பள்ளி வளாகத்தில் ஒரு குழு பென்சில் டப்பாவை ஒளித்து, 'கொடிக்கம்பத்திலிருந்து பத்தடி வடக்கே, அப்புறம் சில்வர் ஓக் மரத்தடி' என்று குறிப்பு எழுதட்டும், இன்னொரு குழு தேடட்டும். குறிப்பு தப்பாக இருந்தால் தேடுகிறவர்களே கத்துவார்கள், உங்களுக்குச் சிவப்புப் பேனா வேலையே இருக்காது.

கடைசியில் சில்வர் ஒரு மூட்டைக் காசோடு தப்பி ஓடிவிடுவான். தண்டனை கொடுக்கிறேன் பேர்வழி என்று முடிவை மாற்றிவிடாதீர்கள். ஜிம்மிடம் பாசமாக இருந்தவனும் அவன்தான், கொலை செய்தவனும் அவன்தான், வகுப்பு ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும், போடட்டும். கொலைக் காட்சிகளை மட்டும் சுருக்கிக்கொள்ளுங்கள். ரம் என்றால் என்ன டீச்சர் என்று கேட்டால், சாராயம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.