பங்களா அலுமாரியில் கிடைத்த செலிக்மனின் கடிதங்கள்

வணக்கம். ஹட்டன் பக்கத்துப் பழைய துரை பங்களாவில் கிடைத்த, மானிடவியலாளர் செலிக்மன் கையொப்பமிட்டதாகத் தோன்றும் கடிதங்களை லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தச் சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

மலையக ஈரத்தில் பொலித்தீன் உறைக்குள் வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவிட்டால் மை வெளிறும். காற்றோட்டமான அறையில், தாள்களுக்கிடையே மை ஒற்றும் தாள் வைத்து உலரவிடுங்கள். துருவேறிய குண்டூசிகளை இழுக்காமல், தாளைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள். உறைகளையும் கடித வரிசையையும் கலைக்காதீர்கள். தபால் முத்திரைதான் பெரும்பாலும் திகதியைச் சொல்லும்.

செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் 1907-08இல் இங்கே, இலங்கையின் பழங்குடியினரான வேடர்களிடையே ஆய்வு செய்து, 1911இல் நூலாக்கினார்கள். அவருடைய தாள்கள் லண்டன் பொருளியல் கல்லூரி நூலகத்தில் உள்ளன. ஆனால் ஒருவரது சேகரிப்பில் பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்களே எஞ்சும், அவர் எழுதியவை பெற்றவர்களிடம் சிதறிக் கிடக்கும் என்பதால், உங்களிடம் இருப்பவை அங்கே இல்லாதவையாக இருக்கக்கூடும். அக்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் தம் பெயரின் இறுதியில் இரண்டு 'என்' (Seligmann) எழுதினார். கையொப்பத்தில் முதலில் அதைப் பாருங்கள். படமெடுத்து அந்நூலகத்துக்கு அனுப்பும்வரை, விலை பேசி வருபவர்களிடம் ஒரு தாளையும் கொடுத்துவிடாதீர்கள்.