ஸ்டெம் செல், கருத்தடை, மதங்கள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

செவிலியர் மாணவிகளுக்குப் பல வருஷம் மருத்துவ அறநெறி எடுத்தவள் நான். குடும்பம் கத்தோலிக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். என் ஸ்டெம் செல் பொருந்துகிறதாம். திருச்சபை ஸ்டெம் செல்லுக்கு எதிரி, கொடுத்தால் பாவம் என்று அம்மா அழுகிறார்.

கொடுங்கள் தம்பி, ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். உங்களிடம் எடுக்கப்போவது உங்கள் ரத்தத்திலோ எலும்பு மஜ்ஜையிலோ இருக்கிற அந்தச் செல், அதற்காக எந்தக் கருவும் அழிவதில்லை. திருச்சபை தவறு என்பது உயிருள்ள கருவைச் சிதைத்துச் செல் எடுப்பதைத்தான். 2008இல் வத்திக்கான் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' அறிவுரையிலேயே, வளர்ந்தவர்களின் திசு, பிரசவத்தின்போது கிடைக்கும் தொப்புள்கொடி ரத்தம் இதெல்லாம் ஆகுமென்று எழுதியிருக்கிறது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், அப்படியும் மனம் ஆறாவிட்டால் பங்குத்தந்தையிடமே கூட்டிப் போங்கள். ஒரு சொல்லைப் பாதி கேட்டுவிட்டு ஒரு உயிரை இழந்துவிடக் கூடாது.

கேள்வி: ஐந்து நாள் கரு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதை எப்படி மனிதன் என்கிறார்கள்?

அந்த வயதில் அது நூறு, இருநூறு செல்கள் கொண்ட சின்ன உருண்டை. உள்ளே இருக்கிற செல்கள்தான் கரு ஸ்டெம் செல், அவற்றை எடுத்தால் கரு அதோடு முடிந்துவிடும். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து அந்தச் செல்களை முதலில் எடுத்து வளர்த்துக்காட்டியபோது பயன்பட்டவை செயற்கைக் கருத்தரிப்புக்காக (ஐ.வி.எஃப்) ஆய்வகத்தில் உருவாக்கி, தம்பதியர் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுத்த கருக்கள். கத்தோலிக்கப் பதிலைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். எந்த நொடியில் ஆன்மா வருகிறது என்று 1987இல் வந்த 'தோனும் வீத்தே' என்ற வத்திக்கான் அறிவுரை அறுதியிட்டுச் சொல்லவில்லை, கருவுற்ற கணத்திலிருந்தே ஒரு மனிதருக்குரிய மரியாதையோடு நடத்த வேண்டும் என்கிறது. எனக்கு இது நேர்மையான வாதமாகப் படுகிறது.

யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில் முதல் நாற்பது நாள் கரு "வெறும் நீர்" போல. கருப்பைக்கு வெளியே இருக்கிற கருவுக்கு இன்னும் குறைந்த நிலைதான் என்பார்கள் பல ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள். அதோடு உயிர் காப்பது அவர்களுக்கு மிகப் பெரிய கடமை, அதனால் இந்த ஆராய்ச்சியை ஏற்கிறார்கள். தாம்சனின் அந்த 1998 கட்டுரையிலேயே இஸ்ரேலின் ஹைஃபாவைச் சேர்ந்த ஒரு மருத்துவரின் பெயரும் உண்டு. இஸ்லாத்தில் ஹதீஸை, அதாவது நபிமொழியை, வைத்து 120 நாளில் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுகிறது என்பது பரவலான கருத்து, நாற்பது நாள் என்பாரும் உண்டு. ஈரானில், தெஹ்ரானின் ரோயான் நிறுவனம் 2003இலேயே மனிதக் கரு ஸ்டெம் செல்லை வளர்த்துவிட்டது.

கேள்வி: ஸ்டெம் செல்லுக்கும் கருத்தடைக்கும் திருச்சபை சொல்கிற காரணம் ஒன்றுதானா?

இல்லை, இல்லவே இல்லை. இதைத்தான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஸ்டெம் செல்லில் கேள்வி, அழிக்கப்படும் அந்தக் கரு யார் என்பது. ஆணுறையில் கருவே உருவாகவில்லை, அங்கே கேள்வி தாம்பத்தியம் எதற்கு என்பது. அன்பும் பிள்ளைப்பேற்றுக்கான திறப்பும் பிரிக்கக் கூடாதவை என்றார் திருத்தந்தை ஆறாம் பவுல், 1968இல், 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில். அவர் ஆலோசனை கேட்ட குழுவில் பெரும்பான்மையோர் விதியைத் தளர்த்தலாம் என்றிருந்தும் அவர் ஏற்கவில்லை. கருத்தரிக்காத நாட்களைக் கணக்குப் பார்த்துச் சேர்வதை மட்டும் அனுமதித்தார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930இலேயே தங்கள் லாம்பெத் மாநாட்டில் கருத்தடைக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். அதனால்தான் கருவை அழிக்கும் ஆராய்ச்சியைக் கடுமையாக எதிர்க்கிற எத்தனையோ புரொட்டஸ்டன்ட் குடும்பங்கள் மாத்திரையும் காப்பர் டியும் பயன்படுத்துகின்றன. இரண்டும் வேறு வேறு வழக்கு.

கேள்வி: மாதவிலக்குக் கோளாறுக்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணுமா சிஸ்டர்?

வேண்டாம். நோய்க்கு மருந்தாக எடுப்பது தவறில்லை என்று அந்த 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலின் 15ஆம் பத்தி சொல்கிறது. (நான் சிஸ்டர் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள்.)

கேள்வி: இஸ்லாத்தில் கருத்தடை ஹராம் என்கிறார் மாமியார்.

நபியின் காலத்திலேயே 'அஸ்ல்', அதாவது விந்தை வெளியே விடுவது, வழக்கத்தில் இருந்தது, குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்தபோதே செய்தோம் என்று நபித்தோழர் ஜாபிர் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. பழைய காலத்துப் பெரிய மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி அதை ஆகுமென்றார். தற்காலிகக் கருத்தடையைப் பல உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) இதை வைத்தே அனுமதிக்கிறார்கள். நிரந்தரமாகக் குழாய் கட்டுவதைத்தான் பலர் மறுக்கிறார்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம், அவர் மதிக்கிற ஒரு மார்க்க அறிஞரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

கேள்வி: இந்து மதம்?

ஒரே குரலில் பதில் சொல்ல அங்கே பாப்பரசர் இல்லை. சுக்கிலமும் (ஆணின் விந்து) சோணிதமும் (பெண்ணின் பங்கு) கூடும்போதே உயிர் வந்து சேர்கிறது என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, கருவை அழிப்பதைப் பெரும்பாவம் என்கின்றன தர்ம சாஸ்திரங்கள். கருத்தடைக்கு அப்படியொரு பொதுத்தடை இல்லை.

கேள்வி: அக்கா, நாங்களும் கத்தோலிக்கர்தான். குழந்தை பிறந்துவிட்டது, இன்னும் மூன்று கரு உறைநிலையில் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்தேன். ஆராய்ச்சிக்குக் கொடுப்பதைத் திருச்சபை ஏற்காது, வேறொரு தம்பதிக்குக் கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது என்கிறது. முதலில் சொன்ன அந்த 2008 ஆவணமே இது தீர்க்க முடியாத ஒரு அநீதி என்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே விடை தெரியாமல் தவிப்பது உங்கள் குறையில்லை. நம் நாட்டில் செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021 சட்டப்படி பத்து வருஷம் வரை வைத்திருக்கலாம், அதன்பின் அழிய விடுவார்கள், அல்லது உங்கள் சம்மதத்தோடு மட்டும் ஆராய்ச்சிக்குப் போகும். அவசரப்பட்டு எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களும் அவரும் பேசுங்கள், பிறகு எனக்குத் தனியாக எழுதுங்கள்.