ஆளில்லா நிலையத்தில் சீட்டை யார் பார்ப்பது?

கேள்வி: ஜப்பானின் கிராமப்புறங்களில் ஊழியர் ஒருவர்கூட இல்லாத ரயில் நிலையங்கள் உண்டு என்கிறார்கள். அங்கே கட்டணத்தை யார் வாங்குவது? மக்களின் நேர்மையை நம்பியே விட்டுவிடுகிறார்களா?

பதில்: நேர்மைக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் ஏற்பாட்டின் பெரும்பகுதி ரயிலுக்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய தடங்களில் ஒன்றிரண்டு பெட்டிகளே கொண்ட ரயிலை, நடத்துநர் இல்லாமல், ஓட்டுநர் ஒருவரே நடத்திச் செல்கிறார். பெரும்பாலும் பின்கதவு வழியாக ஏறும் பயணி, கதவருகே உள்ள இயந்திரத்திலிருந்து, தாம் ஏறிய நிலையத்தைக் குறிக்கும் எண் அச்சிட்ட சிறு சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்புறம் உள்ள பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய கட்டணம் தெரியும். ரயில் செல்லச் செல்ல அந்தத் தொகையும் ஏறிக்கொண்டே போகும். இறங்குபவர் முன்கதவுக்கு வந்து, ஓட்டுநரின் கண்ணெதிரே, சீட்டையும் அதற்குரிய யென் நாணயங்களையும் கட்டணப் பெட்டியில் போட வேண்டும். ஆயிரம் யென் தாளுக்கு அங்கேயே சில்லறை கிடைக்கும். பத்தாயிரம் யென் தாளோடு போய் நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. இரண்டு பெட்டிகள் இருந்தாலும் ஆளில்லா நிலையங்களில் முதல் பெட்டியின் கதவுகள் மட்டுமே திறப்பது வழக்கம் என்பதால், பின்பெட்டியில் அமர்ந்தவர்கள் முன்கூட்டியே எழுந்து வர வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் நிலைய அதிகாரியின் முதன்மையான வேலை சீட்டு விற்பது அல்ல. கைகாட்டிகளையும் தடம் மாற்றும் பாயிண்டுகளையும் இயக்கி, ரயில்கள் ஒன்றையொன்று பாதுகாப்பாகக் கடந்து செல்ல வைப்பதே அவரது பொறுப்பாக இருந்தது. அந்த வேலை தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றப்பட்டதும், ஊரில் மக்கள்தொகை குறைந்து சொந்தக் கார்களும் பெருகிவிட்ட நிலையில், சீட்டு விற்பதற்காக மட்டும் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது கட்டுபடியாகவில்லை. 1987-இல் அரசு ரயில்வே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட மாற்றம் இது. இன்று அந்நாட்டின் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் ஏறக்குறையப் பாதி ஆளில்லாதவை.

ஆனாலும் வேலை மறைந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. பல நிலையங்களைக் கூட்டிப் பெருக்குவது ஊர்க்காரர்கள்தான். சாலை வசதியே இல்லாமல் சுரங்கப் பாதைகளுக்கு நடுவே இருக்கும், ஹொக்கைடோவின் கொபோரோ நிலையத்தின் பராமரிப்பை, தொயோவுரா நகராட்சியே ஏற்றிருக்கிறது. இதில் உண்மையாகவே இழப்பவர்கள் சக்கர நாற்காலியில் பயணிப்பவர்கள். ஏறி இறங்க உதவ ஆள் இல்லாததால், முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் கிளம்ப முடியும். ஓய்தா பகுதியில் மாற்றுத்திறனாளிகள் 2020-இல் இதை எதிர்த்து வழக்கே தொடுத்தார்கள். ஆளில்லா நிலையத்தின் அமைதியை வியந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரே ஒரு பள்ளி மாணவி படித்து முடிக்கும் வரை அவருக்காகவே அங்கே ஒரு நிலையத்தை நடத்தினார்கள் என்பது உண்மையா?

பதில்: அந்தக் கதையில் வரும், ஹொக்கைடோவின் கியூ-ஷிராதாக்கி நிலையம் உண்மை, 2016 மார்ச்சில் அது மூடப்பட்டதும் உண்மை. ஆனால் அவருக்கெனத் தனி ரயில் ஓடவில்லை. அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓடிய ரயில்கள்தான் அங்கே நின்று சென்றன. ஜப்பானில் கல்வியாண்டு முடிவதும் மார்ச்சில்தான், ரயில் கால அட்டவணை மாறுவதும் வழக்கமாக மார்ச்சில்தான். பயணிகள் குறைந்துபோனதால் அதே தடத்தில் வேறு சில சிறு நிலையங்களும் அப்போது சேர்ந்தே மூடப்பட்டன.