2013-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டால்பின்கள் கொத்துக் கொத்தாக இறந்தது ஏன்?

மார்பிலி வைரஸ்தான் காரணம். தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. 2013-15-இல் நியூயார்க் முதல் ஃபுளோரிடா வரை 1,600-க்கும் மேற்பட்டவை கரை ஒதுங்கின, பெரும்பாலும் பிணமாக.

டால்பின்கள் ஒட்டி ஒட்டி மேலெழுந்து மூச்சுவிடும். ஒன்றின் ஊதுதுளையிலிருந்து தெறிக்கும் திவலையைப் பக்கத்திலிருப்பது உள்ளிழுக்கும். வைரஸ் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். நிணநீர்க் கணுக்களையும் சிதைத்து எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து பலவற்றைக் கொன்றுவிடும்.

1987-88-இலும் அதே கரையில் இது நடந்தது. அப்போது பிழைத்தவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது. பின்னர் பிறந்த குட்டிகளுக்கு இல்லை. அவை பெருகியதும் வைரஸுக்கு வழி திறந்தது.

உயிரோடு ஒதுங்கியதைத் தயவுசெய்து கடலுக்குள் தள்ளாதீர்கள்: மறுபடி ஒதுங்கும், கூட்டத்துக்கும் பரப்பும். நாய்களை விலக்கி, எட்ட நின்று, மீட்புக் குழுவை உடனே அழையுங்கள்.