‘தி டூ ரோனிஸ்’: கேட்டவர்களுக்குப் பதில்

ரோனி பார்க்கர், ரோனி கார்பெட் இருவரும் நடித்து பிபிசியில் 1971 முதல் 1987 வரை ஓடிய ‘தி டூ ரோனிஸ்’ நகைச்சுவைத் தொடர் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ரோனி பார்க்கரும் ரோனி கார்பெட்டும் ஆரம்பத்திலிருந்தே ஜோடியா?

இல்லை. 1963 வாக்கில் லண்டனில் நடிகர்கள் கூடும் பக்ஸ்டோன் கிளப்பில்தான் பழக்கமானார்கள். கார்பெட் கையில் படம், நாடகம் எதுவும் இல்லாமல் அங்கே பாரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1966-இல் வந்த, டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய நையாண்டி நிகழ்ச்சியான ‘தி ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்’ இருவரையும் ஒன்றாகத் திரைக்குக் கொண்டுவந்தது. ஜான் கிளீஸ், பார்க்கர், கார்பெட் மூவரும் உயர வரிசையில் நின்று மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு மக்களாகப் பேசும் காட்சி அதில் வந்ததுதான்.

கேள்வி: ஜெரால்ட் வைலி என்ற எழுத்தாளர் யார் சார்?

எனக்குப் பிடித்த கேள்வி. அது பார்க்கரேதான். நடிப்பவரே எழுதினால் முகத்துக்காக எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து, டேவிட் ஃப்ராஸ்டின் நிகழ்ச்சிக்குப் புனைபெயரில் அனுப்பிவந்தார். வைலி எழுதிய காட்சி ஒன்றின் உரிமையைக் கார்பெட் வாங்க நினைத்தபோது வைலி தரப்பு கேட்ட விலை 3,000 பவுண்டு. “அநியாயம், கொடுக்காதே” என்று பக்கத்திலிருந்து சொன்னவரும் பார்க்கர்தான்! கடைசியில் சும்மாவே கொடுத்துவிட்டார். நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்குமோ என்றெல்லாம் ஊகம் ஓடியது. அப்புறம் ஒரு சீன உணவகத்தில் எல்லோரும் கூடியிருக்கையில் எழுந்து உண்மையைச் சொன்னார். முதலில் ஒருவரும் நம்பவில்லையாம்.

கேள்வி: இருவரில் சிரிக்க வைப்பவர் யார், எடுத்துக்கொடுப்பவர் யார்?

அப்படிப் பிரிக்க முடியாததுதான் இவர்களின் பலம். மோர்கம், வைஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நகைச்சுவை ஜோடியில் யார் எது என்பது பார்த்த உடனே புரிந்துவிடும். இங்கே ஆளுக்கொரு தனிப் பகுதி: பார்க்கர் நாக்கு சுளுக்கும் உரைகள் நிகழ்த்துவார். கார்பெட் பெரிய நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து, ஒரு சின்ன ஜோக்கை ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சொல்லி முடிப்பார். பார்க்கருக்கு ‘பாரிட்ஜ்’, கார்பெட்டுக்கு ‘சாரி!’ என்று வெளியே தனித் தொடர்களும் இருந்தன. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவருக்குப் பிழைப்பில்லை என்ற நிலைமை கிடையாது. 16 வருடம் தாக்குப்பிடித்ததற்கு அதுவே காரணம் என்பேன்.

கேள்வி: ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால்?

கடைக்காரர் ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’ (மண்வெட்டிப் பிடிகள்) என்பதை ‘ஃபோர் கேண்டில்ஸ்’ (நான்கு மெழுகுவர்த்திகள்) என்று கேட்டுத் தடுமாறும் மெழுகுவர்த்திக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன் முடிவு பார்க்கருக்கே திருப்தி இல்லை. நான் டேவிட் ரென்விக் எழுதிய 1980-இன் ‘மாஸ்டர்மைண்ட்’ காட்சியைச் சொல்வேன்; அதே பெயரில் பிபிசியில் வந்த வினாடிவினா நிகழ்ச்சியின் கிண்டல் அது. போட்டியாளர் கார்பெட், ஒவ்வொரு முறையும் முந்தைய கேள்விக்கே பதில் சொல்வார். தொல்லுயிரியல் என்றால் என்ன என்று பார்க்கர் கேட்கும்போது அவரிடம் அதற்கான பதில் வராது. பிரபுக்களின் பெயர்ப் பட்டியல் நூல் எது என்று அடுத்துக் கேட்டால், “பழைய ஃபாசில்களைப் பற்றிய படிப்பு” என்பார்; பிரபுக்களையே கிழடுகள் என்றதுபோல ஆகிவிடும். எழுத்தில் இது கணக்குப் போல இருக்கும். இவர்கள் அரை நொடி பிசகாமல் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: ஏன் நின்றது?

பார்க்கர் போதும் என்றார். 1987 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியோடு முடிந்தது. பிறகு இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் ஊரில் பழம்பொருள் கடை வைத்தார்.

கேள்வி: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பெரும்பாலும். இரட்டை அர்த்தம் நிறைய உண்டு, அது அவர்களுக்குப் புரியாது. பெண்களைக் கிண்டல் செய்யும் சில காட்சிகள் இன்று நெளிய வைக்கும். நடுவில் தொடர்கதையாக வரும் துப்பறியும் பகுதிகளைத் தாண்டிவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.