லாரி ஓட்டுநர் வேலைக்கான போதைப்பொருள் சோதனையில் ‘நெகட்டிவ், டைல்யூட்’ என்று வந்திருக்கிறது. வேலை போய்விடுமா?

போகாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி நடந்த சோதனை என்றால் இது தோல்வி அல்ல. சிறுநீர் அதிகம் நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் மாதிரி கொடுக்க வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதால் வருவது. அந்தப் பயம் வீண். தேவை 45 மில்லிலிட்டர்தான். வராவிட்டால் 3 மணி நேரம் வரை அவகாசம் உண்டு, அதற்குள் சுமார் 1.2 லிட்டர் வரை அங்கேயே குடிக்கலாம்.

ஆய்வகம் கிரியேட்டினினையும் (உடல் சிறுநீரில் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) ஒப்படர்த்தியையும் (தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்ற அளவு) சேர்த்துப் பார்க்கும். கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும், ஒப்படர்த்தி 1.0030க்கும் கீழே இருந்தால் டைல்யூட். இதில் கிரியேட்டினின் 5க்கு மேல் என்றால் மறுசோதனை நிறுவனத்தின் விருப்பம். ஆனால் ஆளுக்கொரு நியாயம் கூடாது. ஒரே வகைச் சோதனைக்கு வரும் எல்லோருக்கும் ஒரே முறை. 2 முதல் 5 வரை என்றால் உடனே, ஒருவர் நேரில் பார்த்திருக்க, மறுபடி கொடுத்தே ஆக வேண்டும்.

மறுசோதனைக்குக் கூப்பிட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள். அது சோதனையை மறுத்ததாகப் பதிவாகும். பாசிட்டிவ் வந்ததற்குச் சமம். போனால் இரண்டாவது முடிவுதான் கணக்கில் வரும்.

‘பாசிட்டிவ், டைல்யூட்’ வேறு கதை: அது பாசிட்டிவேதான், நீர்த்திருந்தது என்பதற்காக மறுபடி மாதிரி கொடுக்கும் வாய்ப்பு கிடையாது.